சொட்டுக்குக் காவல்

இப்போதைக்குக் காய்ந்துதான் இருக்கிறது. இன்னும் எவ்வளவு நேரம் காய்ந்திருக்கும் என்று பார்க்கத்தான் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆவாரம்பாளையத்தில் சாப்பிட்டவர்கள் எல்லாரும் தூங்குகிற நேரம், நான் ஒரு மரப்பெட்டிக்குள் பரப்பியிருக்கிற டிஷ்யூ காகிதங்களை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டலுக்குப் போகும்போதெல்லாம் சட்டைப் பையில் திணித்துக் கொண்டுவந்த டிஷ்யூ. சர்வர் பார்ப்பான் என்கிற கூச்சம்கூட இல்லை. ஒவ்வொரு குழாய் மூட்டுக்கும் கீழே ஒன்றாக மடித்து வைத்திருக்கிறார், இலைக்கு முன்னால் விருந்தாளிகளை உட்கார வைக்கிற மாதிரி. "காகிதம் நனைஞ்சா ஒடனே சுவிட்ச அணைச்சிரு புள்ள. வேற எதையும் தொட்டராத." வேறு எதையும் தொடக்கூடாதாம். பம்பு கம்பெனி வீட்டில் பிறந்து, இன்றைக்கும் அப்பாவின் கம்பெனியில் சோதனைப் பிரிவைக் கட்டி மேய்க்கிறவள் நான். தண்ணீர் எங்கே ஒழுகும், ஒழுகுவதற்கு முன்னால் வார்ப்பிரும்பு எப்படி வேர்க்கும் என்பதெல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஒரு சொட்டு விழுந்தால் போதும், பம்பின் நெற்றியில் சிவப்புப் பெயிண்டை இழுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பம்பு லாரி ஏறாது. அந்த என்னிடம் என் வீட்டுக்காரர் மகுடேசுவரன் தொடாதே என்கிறார். சொல்லிவிட்டு பேட்டரித் தண்ணீர் வாங்கப் போய்விட்டார். குழாயில் இருக்கிற காற்று குமிழி குமிழியாக வெளியேற வெளியேறத் தொட்டியில் தண்ணீர் இறங்குகிறதாம், மேலே ஊற்ற வேண்டுமாம், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியுமாம். சிறுவாணித் தண்ணீரைக் குடித்துவிட்டு ஊரே பெருமை பேசுகிறது, இந்தப் பெட்டிக்கு அது ஆகாது. ஞாயிற்றுக்கிழமை எந்த பேட்டரிக் கடைக்காரன் இவருக்காகத் திறந்து வைத்திருக்கிறான் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டராம். கடைக்குப் போனால் பெட்டியோடு கொடுக்கிறார்கள், கொண்டுவந்து வைத்து சுவிட்சைப் போட்டால் ஓடுகிறது, சூடானால் உள்ளே ஒரு விசிறி சுற்றுகிறது, தீர்ந்தது. ஊரில் எல்லாருக்கும் போதுமான விசிறி இவருக்குப் போதவில்லை. சூடாகிற சிப்பின் தலையில் செம்புத் தகடு ஒன்றை உட்கார வைத்து, அதற்குள் தண்ணீரை ஓடவிட்டு, அந்தத் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போய் காரில் இருக்கிற மாதிரி ஒரு ரேடியேட்டரில் ஆறி, திரும்பி வந்து மறுபடி சூட்டை வாங்க வேண்டும். கரண்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் எங்கள் அப்பா ஆயுசு முழுக்கப் பாடுபட்டு வருகிறார். அவருடைய மாப்பிள்ளை இரண்டையும் ஒரே பெட்டியில் படுக்க வைக்கிறார். பெட்டி, அது இன்னொரு கூத்து. கல்யாணத்தில் எனக்குச் சீராக வந்த தேக்கு டிரஸ்ஸிங் டேபிளை அறுத்துச் செய்தது. கேட்டுத்தான் அறுத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். "அந்த டேபிள எடுத்துக்கட்டுமா புள்ள?" என்றார். "எடுத்துக்கங்க, எப்படியும் பாதீல உடப்போறீங்க" என்றேன். பாதியில் விட்ட சாமான்களுக்கென்றே மாடி அறையில் ஒரு பரண் இருக்கிறது. ஒரு கிட்டார், அதன் கம்பிகள் இன்னும் உறையில்தான் இருக்கின்றன. ஒரு தேனீப் பெட்டி, அதில் தேனீயைத் தவிர எல்லாப் பூச்சியும் வந்து போயிற்று. இதுவும் அங்கேதான் ஏறும் என்று நினைத்தேன். மாதக்கணக்கில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தலைமுடியில் மரத்தூள், தலையணையில் மரத்தூள், ஒரு நாள் தோசை மாவில் மரத்தூள். கண்ணாடிச் சட்டத்தில் இருந்த கொடி வேலைப்பாட்டை அப்படியே அறுத்து முன்பக்கத்தில் பதித்திருக்கிறார், தலைகீழாக. பூ கீழே பார்க்கிறது. சொன்னேன். "அப்படித்தான் மட்டமா உக்காந்துச்சு" என்றார். பின்பக்கத்து இடது மூலை சேரவில்லை, மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பி மறைத்திருக்கிறார். மறைந்துவிட்டதாக அவருக்கு எண்ணம். எனக்கு இந்த வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அந்த மூலைதான் தெரிகிறது, சாப்பிடும்போது தெரிகிறது, துணி மடிக்கும்போது தெரிகிறது. மற்ற மூன்று மூலைகளும் சரியாகத்தான் சேர்ந்திருக்கின்றன, நகம்கூட நுழையாது, நுழைத்துப் பார்த்தேன், ஆனால் மூன்று மூலை சேர்ந்த பெட்டிக்கு யார் மார்க் போடுவார்கள்.

மோட்டார் முனகுகிறது. மோட்டார் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பொம்மை, அதற்குப் பெயர் பம்பாம். எங்கள் வீட்டுப் பூனை இதைவிடச் சத்தமாக மூச்சு விடும். மற்ற எதற்கும் கரண்ட் கொடுக்கவில்லை, பம்பு மட்டும் தனியாக ஓடுகிறது, அதை ஓட வைக்க ஏதோ இரண்டு கம்பிகளை இணைக்க வேண்டுமாம், அதற்கு என் கொண்டை ஊசியை எடுத்து வளைத்துச் செருகியிருக்கிறார். டேபிள் போயிற்று, ஊசியும் போயிற்று, அடுத்தது என் மூக்குத்தியாக இருக்கும். இதையெல்லாம் படம் பிடித்து அவருடைய குழுவில் போட்டாயிற்று. உலகம் முழுக்க இதே வேலையாக இருக்கிற ஆண்கள் சேர்ந்து ஒரு குழு. அங்கே இவர் பெயர் மேக்ஸ். கொடுமுடியில் மொட்டை போட்டு, சாமி பெயர் வைத்து, பேரூரில் கல்யாணம் பண்ணிக்கொண்ட மகுடேசுவரன், மேக்ஸ். தண்ணீருக்கு நீலச் சாயம் போடலாமா என்று இவர் கேட்கிறார், போடாதே மேக்ஸ், சாயம் அடைக்கும் என்று எவனோ போலந்துக்காரன் சொல்கிறான், இவர் அதைக் காலையில் காப்பி குடிக்கும்போது எனக்கு மொழிபெயர்க்கிறார். வீட்டில் ஒருத்தி தண்ணீரோடு தினமும் மல்லுக்கட்டுகிறாளே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம். காற்றை வெளியேற்றப் பெட்டியைச் சாய்த்துச் சாய்த்து முதுகில் தட்டினார், குழந்தைக்கு ஏப்பம் எடுக்கிற மாதிரி. இதைக் கேட்டால் உடனே பிள்ளையில்லாத வீடு போலிருக்கிறது என்று உச்சுக்கொட்ட ஆட்கள் வருவார்கள். அதெல்லாம் இல்லை, மகள் இருக்கிறாள், திருச்சியில் படிக்கிறாள், போட்டோவைப் பார்த்துவிட்டு "செமயா இருக்குப்பா" என்று எழுதியிருந்தாள். அப்பாவுக்கு. எனக்கு எழுதியது, சாப்பிட்டியா.

சொட்ட வேண்டும். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டு விருந்தில் இலை போட்டதும் அப்பா ஆரம்பித்தார். "ஏனுங்க மாப்பள, பெட்டிக்குள்ள தண்ணி உடறீங்களாமா? மீன் எப்ப உடறீங்க?" தம்பி சிரித்தான், தம்பி பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள், நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, நல்ல கேள்விதானே. வேலை செய்த கம்பெனி கும்பலோடு கும்பலாக இவரையும் வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து அப்பா தன் கம்பெனிக்குக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஸ்டோர்ஸில் இவருக்கு நாற்காலிகூடப் போட்டாயிற்று, முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்தி, வாரத்துக்கு ஒரு முறை துண்டை மாற்றுகிறார்கள், ஆள்தான் உட்காரவில்லை. இவருக்கு இந்த மாதிரிப் பெட்டிகள் செய்து விற்க வேண்டுமாம். திருப்பூரில் பனியனுக்கு டிசைன் போடுகிற ஒருத்தர் படத்தைப் பார்த்துவிட்டு "மொதல்ல ஓடட்டுங்க, பாக்கலாம்" என்றாராம். ஓடட்டும் பாக்கலாம் என்பதை ஆர்டர் என்று நம்புகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்றைக்கு இவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். "ஒரு சொட்டு உழுந்தாலும் திங்கக்கெழம உங்க கம்பெனிக்கு வந்தர்றனுங்க மாமா. உழுகலீன்னா அந்தப் பேச்ச இனி எடுக்காதீங்க." எங்கள் வீட்டில் இவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அப்பா ரசத்தை ஊற்றச் சொல்லிவிட்டு, "சரீங்க. சோதனைப் பிரிவே உங்கூட்டுலதான இருக்குது. கண்ணு சொன்னா எனக்குச் சரி" என்றார். அதனால்தான் இந்த நாற்காலி எனக்கு. அப்பாவுக்கும் நான் சொன்னால் சரி, இவருக்கும் நான் சொன்னால் சரி. காகிதம் நனைந்தால் நாளைக் காலையில் இவர் இஸ்திரி போட்ட சட்டையோடு என்னோடு வண்டியில் வருவார், அந்தத் துண்டுக்கு ஒரு முதுகு கிடைக்கும், நானும் ஆபீசில் கேட்கிறவர்களுக்கு வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறார் என்று இழுத்து இழுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மரியாதையான ஒரு இடம். அதில் என்ன தப்பு. இவர் அங்கே உட்கார்ந்தால் எப்படி இருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன், தம்பி வந்து மாமா அந்தச் சாவி எங்கே என்று கேட்பான், இவர் எழுந்து நின்று கொடுப்பார். எழுந்து நிற்க வேண்டியதில்லை, ஆனால் நிற்பார். அந்தப் படம் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறதோ தெரியவில்லை. போகட்டும்.

செம்புத் தகட்டுக்குக் கீழே காய்ந்திருக்கிறது. ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு காகிதம், இரண்டும் காய்ந்திருக்கின்றன. தொட்டிக்குள் போகிற மூட்டு, வருகிற மூட்டு, விரல் வைத்துப் பார்த்தேன், சரி, தொடாதே என்றால் தொடத்தான் தோன்றும், சுண்ணாம்பு மாதிரி காய்ந்திருக்கிறது. எல்லாம் கையால் முறுக்கியது. ஸ்பேனர் இல்லை, நூல் இல்லை, சணல் இல்லை, மூட்டில் பூசுகிற வெள்ளை மை இல்லை, வெறும் விரலால் இறுக்கிவிட்டு, போதும் என்கிறார். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு மூட்டைக் கையில் கொண்டுவந்து காட்டினார், அதன் கழுத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம், "பாரு, இது நசுங்கி உக்காந்தாப் போதும், சொட்டாது" என்று. வளையத்தை நம்பி வாழ்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் வீட்டில் மேசை இழுப்பறையைத் திறந்தால் டேப் இருக்கும், சாமி அறை அலமாரியைத் திறந்தால் டேப் இருக்கும், திருகு மரையில் வெள்ளை டேப் சுற்றாமல் எங்கள் அப்பா ஒரு குழாயை மாட்டியதில்லை. அதனால்தான் இன்று காலை. காலையில் இவர் குளிக்கப் போயிருந்தார், இன்னும் தண்ணீர் நிரப்பவில்லை. தொட்டிக்கு அடியில், பின்பக்கமாக, தண்ணீரை வடிக்க ஒரு சின்ன வால்வு. சும்மா தொட்டேன். விரலுக்கு அசைந்தது. அசைந்ததா, அசைந்த மாதிரி இருந்ததா, அசைந்தது என்றுதான் வைத்துக்கொள்வோம். சமையலறை இழுப்பறையில் இருந்து டேப்பை எடுத்தேன். வால்வைக் கழற்றினேன், மரையில் கெட்டியாகச் சுற்றினேன், மறுபடி ஏற்றி, துணியைப் போர்த்தி இடுக்கியால் ஒரு இறுக்கு இறுக்கினேன். வெளியே பிதுங்கின டேப்பை நகவெட்டியால் சீவிவிட்டேன். குளித்துவிட்டு வந்தவர் ஒன்றும் கவனிக்காமல் தண்ணீரை ஊற்றினார். அந்த வால்வுக்குக் கீழேயும் ஒரு காகிதம் வைத்தார், வைக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெட்டியில் மற்றதெல்லாம் சொட்டினாலும் அது ஒன்று மட்டும் சொட்டாது, ஏனென்றால் அது நான் கட்டியது. அதனால் அதை மட்டும் இதுவரை பார்க்கவில்லை. என் கைவேலையை நானே எதற்குச் சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது, காலையிலிருந்து இடிக்கிறது, காப்பி ஆற்றும்போது இடித்தது, இப்போதும். சொட்ட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறவள் எதற்காக டேப் சுற்றினாள். தொழில் பழக்கம். கை தானாகப் போயிற்று. அரைகுறை வேலையைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது, யாருடையதாக இருந்தாலும். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, வேறு நினைப்போம். சாயங்காலம் தேங்காய் அரைக்க வேண்டும். மொட்டைமாடி டாங்க் அடியில் பாசி பிடித்திருக்கிறது. கை தானாகப் போயிற்று என்றால், சுற்றி முடித்ததும் மனசுக்குள் அப்பாடா என்று ஒரு மூச்சு வந்ததே, அது எங்கிருந்து வந்தது.

எழுந்து பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். இடது மூலை, மரத்தூள் பசை, அதைத் தாண்டி வால்வு. காகிதம் வெள்ளையாக இல்லை. ஓரத்தில் இல்லை, நடுவில், பொட்டு வைத்த மாதிரி, நனைந்து பலகையோடு ஒட்டியிருக்கிறது. வால்வின் கழுத்தில் ஒரு சொட்டு தொங்குகிறது, விழலாமா வேண்டாமா என்று. விழுந்தது. இன்னொன்று திரள ஆரம்பித்தது. முதலில் வந்தது சிரிப்பு, நிஜமாகவே சிரித்தேன், சொட்டிவிட்டது, நான் சொன்னேனே என்று. அப்புறம்தான் அது எந்த மூட்டு என்பது உறைத்தது. எனக்குத் தெரியாதா. டேப் வளையம் இல்லாத மரைக்கு. வளையம் உட்கார வேண்டிய இடத்தில் டேப்பைத் திணித்தால் வளையம் எப்படி உட்காரும், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், அந்த இடுக்கில் தண்ணீர் வரும். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஆள் இதைச் செய்திருந்தால் அவனை நிற்க வைத்துக் கேட்டிருப்பேன், கண் எங்கே இருந்தது என்று. அவர் கையால் முறுக்கின அத்தனை மூட்டும் காய்ந்திருக்கின்றன. நான் தொட்ட ஒன்று ஒழுகுகிறது. சிவப்புப் பெயிண்டை எடுத்து என் நெற்றியில்தான் இழுக்க வேண்டும். சுவிட்சை அணைக்க வேண்டும், அணைக்கவில்லை. அவருக்கு யார் சொல்லப் போகிறார்கள். வால்வைக் கழற்றி டேப்பை உரித்தெடுக்கத் தண்ணீரை வடித்தாக வேண்டும், அதற்கு நேரமில்லை. ஆனால் ஒன்றும் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. சொட்டியது உண்மை. ஒரு சொட்டு விழுந்தாலும் என்று சொன்னவர் அவர். வருவார், பார்ப்பார், எங்கேயோ நான் சரியாக முறுக்கவில்லை போலிருக்கிறது என்பார். கோபப்பட மாட்டார். அதுதான் இவரிடம் எனக்குப் பிடிக்காதது, கோபப்பட மாட்டார், சட்டையை இஸ்திரி போட எடுத்துக் கொடு என்பார். தம்பி சாவி கேட்பான். இவர் எழுந்து நிற்பார். பயம். இவர் தோற்றுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை நாள் இந்தப் பெட்டியைத் திட்டினதெல்லாம் இந்தப் பயம்தானோ என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது, அதை அங்கேயே நிறுத்தினேன்.

போன் அடித்தது. அப்பா. தூங்கி எழுந்த குரல். "என்ன கண்ணு, சொட்டுச்சா?" என்றார். "பாத்துட்டிருக்கறனுங்கப்பா" என்றேன். "சொட்டும் சொட்டும், எங்க போயிரும். அந்தாளுக்கு எதப் புடிச்சு எத முடிக்கத் தெரியும்? நாளைக்கு ஒம்பது மணிக்கெல்லாம் கூட்டிட்டு வந்துரு. துண்ட மாத்தி வெக்கச் சொல்லிட்டேன்." இதே வார்த்தைகளை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், இதே இழுப்போடு, இன்னும் நன்றாகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தாள் என்று சொன்னதில்லை. என் வீட்டுக்காரரை அந்தாள் என்று சொல்ல இவர் யார் என்று ஒரு ஆத்திரம் வந்தது, பெற்ற அப்பா மேலேயே. என்னுடைய இளக்காரத்தை வேறு ஒருத்தர் எடுத்துப் புழங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. "அவரு வந்ததும் கூப்புடறனுங்க" என்று வைத்துவிட்டேன். கையில் பார்த்தால் ஒரு டிஷ்யூ, காய்ந்தது, மடித்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. நனைந்ததை எடுத்துவிட்டு இதை வைத்தால் கொஞ்ச நேரத்துக்குக் காய்ந்த மாதிரி இருக்கும். காய்ந்தது என்று நான் சொன்னால் காய்ந்ததுதான். அப்புறம் இவர் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுப்பார், கீழே பலகையில் தண்ணீர் சேர்ந்துகொண்டே போகும், திருப்பூர்க்காரர் முன்னால் சுவிட்சைப் போடும்போது ஒரேயடியாகப் புகையும். இல்லை, பொய்க் காகிதமும் வைக்க முடியாது. நல்ல பம்பு என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்பின எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. நனைந்த காகிதத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் பொய், காய்ந்ததை மாற்றி வைத்தாலும் பொய். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல வாய் வர வேண்டும். தெருமுனையில் அவருடைய வண்டி சத்தம். சைலன்சர் ஓட்டை, அதையும் இன்னும் மாற்றவில்லை. கேட் திறக்கிற சத்தம். சுவிட்சை அணைத்தேன். பம்பு நின்றதும் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

உள்ளே வந்தார். ஒரு கையில் பேட்டரித் தண்ணீர்க் கேன், சட்டையெல்லாம் வியர்வை, ஒண்டிப்புதூர் வரைக்கும் போயிருப்பார் போலிருக்கிறது. பம்பு ஓடவில்லை என்பதைக் கேட்டுவிட்டார், முகத்திலேயே தெரிந்தது. கேனைத் தரையில் வைத்தார், மெதுவாக, அது சத்தம் போட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி.

"சொட்டிருச்சா புள்ள?"

"சொட்டிருச்சுங்க."

தலையை ஆட்டினார். "எங்க?"

"அடி வால்வுலீங்க."

"சரி" என்றார். பெட்டியின் மேல்பலகையை உள்ளங்கையால் ஒரு முறை துடைத்தார். "நாந்தான் சரியா முறுக்காம உட்டுட்டேன் போல. மாமாகிட்ட நாளைக்கு வர்றேன்னு சொல்லீரு." நான் எதிர்பார்த்த அதே பேச்சுதான். எவ்வளவு எரிச்சலாக இருந்தது.

"நீங்க இல்லீங்க. நாந்தான். காலைல நீங்க குளிக்கப் போனப்ப கழட்டி டேப் சுத்துனேன்."

குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். வால்வின் கழுத்திலிருந்து ஒரு வெள்ளை நூல் அளவு டேப் விரலோடு வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன்.

"எதுக்குப் புள்ள சுத்துன?"

தொழில் பழக்கம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கை தானாகப் போயிற்று என்று சொல்லலாம், அரைகுறையைப் பார்த்தால் பொறுக்காது என்று சொல்லலாம், எல்லாம் தயாராக இருந்தது.

"சொட்டிரக் கூடாதுன்னுதானுங்க."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அந்த நிமிஷமே அப்பாவுக்குப் போன் போட்டு நாளைக்கு வருகிறார் என்று சொல்லியிருப்பேன். போய்த் தண்ணீரை வடிக்கச் சமையலறையிலிருந்து பாத்திரம் ஒன்றை எடுத்து வந்தார், நான் பால் காய்ச்சுகிற பாத்திரம், பார்த்துவிட்டும் திட்டாமல் வாங்கி வால்வுக்குக் கீழே பிடித்துக்கொண்டேன்.